படகு ஓடாத நாளில் பயணிகள்

ஐயா, கடல் சீற்றத்தால் கன்னியாகுமரியில் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்ட செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். பாதுகாப்பு கருதிய அம்முடிவு சரியே. ஆனால், விவேகானந்தர் பாறையையும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையையும் காண வருவோருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். சென்ற ஆனி மாதம் மதுரையிலிருந்து வந்த உறவினர்களுடன் மழையில் இரண்டு மணி நேரம் (குடை இருந்தும் பயனில்லை, காற்று அப்படி) வரிசையில் நின்ற பின்னரே படகு இல்லையென அறிந்தோம்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில் இது அடிக்கடி நேர்வதே. எனவே படகு நிலவரத்தைக் காலையிலேயே ரயில், பேருந்து நிலையங்களில் அறிவிப்பதோடு, பத்மநாபபுரம் அரண்மனை (திங்கள் விடுமுறை), மாத்தூர் தொட்டிப்பாலம் ஆகியவற்றுக்கு அந்நாட்களில் சிறப்புப் பேருந்துகளும் இயக்கலாம்.

– வாசகர், தக்கலை