சுவிஸிலிருந்து பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

புர்க்டோர்ஃப்,
சுவிட்சர்லாந்து

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நாங்கள் இங்கு நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். அப்பம்மாவின் சீதனக் காணியைப் பிரிப்பது பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தபோது, நாங்கள் வாழும் இந்த ஊரின் கோட்டைக்கு உரிமையாளராயிருந்த ஒரு பெண்ணின் கதையை, சரித்திரம் படிப்பித்த உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

பேர்ண் நகரிலிருந்து சிறிது நேர ரயில் பயணத்தில், எம்மே ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். மேட்டிலுள்ள கோட்டையில் இப்போது அருங்காட்சியகமும் இளைஞர் விடுதியும் நடக்கின்றன. குளிர்காலத்தில் அந்த ஏற்றத்தில் நடப்பதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை. அதைக் கட்டிய சேரிங்கன் பிரபுக்களின் வம்சம் 1218இல் வாரிசின்றி முடிந்தபோது, கடைசிப் பிரபுவின் சகோதரி அன்னா வழியாக புர்க்டோர்ஃப், தூன், ஃப்ரிபூர்க் ஆகிய ஊர்கள் அவளுடைய கணவரின் கீபூர்க் குடும்பத்துக்கு வந்தன. அதாவது தொடக்கமே பெண்வழி உரிமைதான்.

அவளுடைய கொள்ளுப்பேத்தியின் பெயரும் அன்னா. 1263இல் தந்தை ஐந்தாம் ஹார்ட்மன் இறந்தபோது அவள் சிறுமி. விதவையான தாய் எலிசபெத் 1264இல் தூன் நகரத்துக்கு நகர உரிமைச் சாசனம் வழங்கியிருக்கிறாள். அதே ஆண்டில் குடும்பத்தின் மூத்தவரான நான்காம் ஹார்ட்மனும் ஆண் வாரிசின்றி இறந்தார். பிறகு என்ன, உறவினர்கள் கூடிவிட்டார்கள். மூத்தவரின் விதவை மார்கரெட்டுக்கு எழுதப்பட்டிருந்த சொத்துக்களுக்காக அவளுடைய பிறந்தகமான சவோய் குடும்பம் வந்து நின்றது. மறுபுறம், தன் தாய் ஹைல்விக் கீபூர்க் வீட்டுப் பெண் என்பதைக் காட்டி ஹாப்ஸ்பூர்க் குடும்பத்து ருடோல்ஃப் கிழக்குப் பகுதிகளைக் கைப்பற்றிக்கொண்டார். அவர்களுடைய சண்டை 1267இல்தான் சமாதானத்தில் முடிந்தது.

சிறுமி அன்னாவின் பாதுகாவலரும் அதே ருடோல்ஃப்தான் என்பது எனக்கு உறுத்துகிறது. 1273இல் அவர் தன் ஒன்றுவிட்ட சகோதரர் எபர்ஹார்டுக்கு அவளைத் திருமணம் செய்துவைத்தார். அந்த வேளையிலேயே லென்ஸ்பூர்க், ஆராவ், சூக் முதலிய ஊர்களில் அவளுக்கிருந்த உரிமைகள் 14,000 மார்க் வெள்ளிக்கு ருடோல்ஃபுக்கே விற்கப்பட்டன. அவர் ஜெர்மன் மன்னராகத் தெரிவானதும் அதே ஆண்டில்தான். 1277இல் ஃப்ரிபூர்க்கும் 3,040 மார்க்குக்கு அவருடைய புதல்வர்களிடம் போயிற்று. விலை கொடுத்து வாங்கினார் என்பதற்காக அதை நேர்மையான கொடுக்கல் வாங்கல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பாதுகாவலரே வாங்குபவராகவும் இருந்தால், வேண்டாம் என்று அந்தப் பெண் யாரிடம் சொல்லியிருப்பாள்?

இருந்தாலும் அவளை வெறும் பலியாக எண்ணிவிடாதீர்கள். புர்க்டோர்ஃபும் தூனும் அவளிடமே தங்கின. 1273ஆம் ஆண்டின் புர்க்டோர்ஃப் நகரச் சாசனம் கணவருடன் சேர்ந்து அவளும் வழங்கியது. 1280களின் தொடக்கத்திலேயே அவள் இறந்துவிட்டாள். அவளுடைய மகன் ஹார்ட்மன் தந்தையின் ஹாப்ஸ்பூர்க் பெயரை விட்டுத் தாய்வீட்டுப் பெயரான கீபூர்க் என்பதையே சூடிக்கொண்டான். 1384இல் பேர்ண் நகரம் இரண்டு ஊர்களையும் வாங்கும்வரை, அந்தப் பெயருடையவர்களே இங்கு ஆண்டார்கள்.

காணி உறுதியின் பிரதி கிடைத்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். பெரியம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்