மூலிகை டிப்ஸ் போடுங்க, அளவையும் சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல வர்ற அஞ்சறைப்பெட்டி மருத்துவம் பக்கத்த நான் விடாம படிக்கிறேன். விருதுநகர்ல நாட்டு மருந்துக்கடை வச்சிருக்கேன், அப்பா காலத்துல இருந்து நடக்குற கடை. திங்கக்கிழமை ஆனா உங்க பேப்பர கிழிச்சு மடிச்சு எடுத்துட்டு வந்து "இதுல போட்ருக்கதுல எல்லாம் நூறு நூறு கிராம் குடுங்கண்ணே"ன்னு கேக்குறவங்க நிறைய பேரு, அதனால அந்தப் பக்கத்துல என்ன வருதுங்குறது படிக்கிறவனா மட்டும் இல்ல, சரக்கு நிறுத்துக் குடுக்குறவனாவும் எனக்கு முக்கியம்.

போன வாரம் வெந்தயம் சுகருக்கு, கறிவேப்பிலை முடிக்கு, கற்பூரவள்ளி சளிக்கு, மஞ்சள் கேன்சருக்குன்னு வரிசையா போட்டிருந்தீங்க. கடைசில சொன்னது ரொம்பப் பெரிய வார்த்தை சார், லேப்ல செல்லு மேல போட்டுப் பாத்தது வேற, ஒரு மனுசனுக்கு நோய் தீர்றது வேற, அதைப் படிச்சுட்டு யாராவது ட்ரீட்மெண்ட்ட நிறுத்திட்டா என்ன ஆகுறது? மத்தத பத்தி எனக்குப் பெரிய சண்டை இல்ல. ஆனா ஒரு சரக்குக்கு ஒரு நோய்னு ஜோடி போட்டு முடிச்சுடுறீங்க பாருங்க, நம்ம வைத்தியத்துல விஷயமே அங்கதான் ஆரம்பிக்குது. சித்த மருத்துவத்துல ஒரு பொருளுக்கு சுவை என்ன, அது வெப்பமா தட்பமா, செரிச்சதுக்கு அப்புறம் எந்த சுவையா மாறுது, இது மூணையும் பாத்துட்டுதான் யாருக்கு, எந்த காலத்துல, எதோட சேர்த்துன்னு முடிவு பண்ணுவாங்க.

வைத்தியர்ட்ட போகாதவங்களும் சமையல்ல இதைத்தான் பண்ணிட்டு இருக்கோம். பாசிப்பருப்பு குளிர்ச்சி, அதான் மார்கழிப் பனில வெண்பொங்கல் வைக்கும்போது மிளகும் சீரகமும் இஞ்சியும் தாராளமா விழுது. சித்திரை வெயில்ல மோர் குடிக்கிறோம், அது வயித்துல மந்தமா நிக்கக்கூடாதுன்னு இஞ்சியும் பெருங்காயமும் தட்டிப் போடுறோம். இஞ்சியே பச்சையா இருந்தா ஒரு கணக்கு, காஞ்சு சுக்கா ஆயிட்டா வேற கணக்கு, சுக்குக்கு புறநஞ்சு கடுக்காய்க்கு அகநஞ்சுன்னு சொல்லி சுக்குக்கு தோல சீவி எறியணும், கடுக்காய்க்கு கொட்டைய எடுத்துடணும்னு சின்னப் பையனா இருக்கும்போதே கடைல சொல்லிக் குடுத்துட்டாங்க. உங்க பக்கத்துல சுக்குப் பொடி பத்தி இத்தன தடவ வந்துருச்சு, தோல் சீவுறத பத்தி ஒரு வரி வந்து நான் பாக்கல.

இன்னொன்னு. ஒரு வாரம் வெந்தயம் குளிர்ச்சின்னு போட்டீங்க, அப்புறம் ஒரு வாரம் வெந்தயம் உஷ்ணம்னு போட்டீங்க, எது சரின்னு என்கிட்ட வந்து கேக்குறாங்க. நம்ம சித்த மருத்துவத்துலயும் வீடுகள்லயும் வெந்தயம் குளிர்ச்சி, ஆயுர்வேதத்துல அது உஷ்ணம். ரெண்டு முறைக்கும் தனித்தனி கணக்கு இருக்கு, அதது உள்ள அது சரிதான், ஆனா ஒரு வாரம் இங்கருந்தும் மறு வாரம் அங்கருந்தும் எடுத்து எந்த முறைன்னே சொல்லாம போட்டா படிக்கிறவங்க குழம்பத்தான் செய்வாங்க. புதினா நாக்குல ஜில்லுன்னு இருக்குறதால எல்லாரும் குளிர்ச்சின்னு நெனச்சு வெயில் காலத்துல ஜூஸ் ஜூஸா குடிக்கிறாங்க, மருந்துக் கணக்குல அது வெப்பம்.

இந்த சூடு குளிர்ச்சி எல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒரு வாசகர் எழுதியிருந்தாரே, அவருக்கும் ஒரு வார்த்தை. மிளகாய், பப்பாளி, உருளைக்கிழங்கு, முந்திரி இதெல்லாம் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது, நம்ம ஊருக்கு வந்து ஏறக்குறைய ஐநூறு வருசத்துக்குள்ளதான் இருக்கும். ஆனா பப்பாளி சூடு, உருளை வாயுன்னு பாட்டிங்க வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்காங்க. பழைய ஏட்டுல இருந்து வந்திருக்க முடியாது, தின்னு பாத்து உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு கவனிச்சு கவனிச்சுதான் அந்தப் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. 2021ல மருத்துவத்துக்கு நோபல் வாங்கின டேவிட் ஜூலியஸ் கண்டுபிடிச்சதும் இங்க சொல்லணும், மிளகாய்ல காரம் குடுக்குற கேப்சைசின் போய் தொடுற, நரம்புல உணர்வ வாங்குற அதே ரிசெப்டர்தான் 43 டிகிரிக்கு மேல போற நெஜ சூட்டையும் நரம்புக்கு சொல்லுது. அதனால மிளகாய் 'சுடுது'ங்குறது வெறும் பேச்சு இல்ல. அதுக்காக நம்ம சூடு குளிர்ச்சி மொத்தத்தையும் சயின்ஸ் ஒத்துக்கிச்சுன்னும் எழுதிறாதீங்க, வயித்துச் சூடு, கண்ணு எரிச்சல், கட்டி வர்றது இதுக்கெல்லாம் அந்த ஒரு ரிசெப்டர் பதில் சொல்லாது.

அளவுக்கு வர்றேன், எனக்கு நெஜமாவே பயமா இருக்குறது இங்கதான். மஞ்சளோட மிளகு சேர்த்தா சத்து நல்லா உடம்புல சேரும்னு போட்டிருந்தீங்க. சரிதான், 1998ல பெங்களூர்ல பண்ண ஆராய்ச்சில மிளகுல இருக்குற பைப்பரின 20 மில்லிகிராம் சேர்த்தப்போ மஞ்சளோட முக்கியமான சத்தான குர்குமின் ரத்தத்துல சேர்றது 20 மடங்கு கூடுச்சு. ஆனா நம்ம மஞ்சள் தூள்ல குர்குமின் சுமாரா நூத்துக்கு மூணு பங்குதான். இப்ப ஆன்லைன்ல விக்கிற 500 மில்லிகிராம் குர்குமின் கேப்சூல் ஒண்ணுல இருக்குறத தூளா போட்டா பதினஞ்சு கிராமுக்கு மேல வரும், எந்த வீட்ல ஒரு ஆளு தட்டுல அவ்ளோ மஞ்சள் விழும்? அதுலயும் பைப்பரின் வேற கலந்து வருது. இத்தாலில 2019ல இந்த மாதிரி மாத்திரை சாப்ட்ட பல பேருக்கு கல்லீரல் வீங்கி மஞ்சக்காமாலை வந்து அரசாங்கமே எச்சரிக்கை குடுத்துச்சு. குழம்புல போடுற மஞ்சளும் டப்பால வர்ற மஞ்சளும் ஒண்ணு இல்லைங்குறத உங்கள மாதிரி பத்திரிகை சொன்னாத்தான் ஜனங்க கேப்பாங்க.

வெந்தயம் இதுக்கு நேர் எதிர். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துல சர்க்கரை நோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்தது ஒரு நாளைக்கு 25 கிராமும் அதுக்கு மேலயும், ராத்திரி ஊறவச்ச ஒரு ஸ்பூன் இல்ல. அப்ப ஒரு ஸ்பூன நம்பி மாத்திரைய விடுறதும் ஆபத்து, மாத்திரையும் போட்டுட்டு டாக்டர்ட்ட சொல்லாம பிடி பிடியா தின்னு சுகர் ரொம்ப இறங்கிப் போறதும் ஆபத்து. தொண்டைக்கு நல்லதுன்னு அதிமதுரத்த தினமும் வாயில போட்டு மென்னா பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கற்பூரவள்ளி சாறுல தேன் கலந்து குழந்தைக்குக் குடுங்கன்னு போட்டீங்க, எந்த வயசுக் குழந்தைன்னு போடல. ஒரு வயசு முடியாத பிள்ளைக்கு தேன் குடுக்கவே கூடாது சார், அதுல இருக்கக்கூடிய கிருமி அந்த வயசுக் குடல்ல வளர்ந்து விஷமாயிரும். இது மட்டும் தயவுசெஞ்சு அடுத்த இதழ்லயே திருத்தமா வரணும்.

கறிவேப்பிலைய பத்தி புதுசா நான் சொல்ல ஒண்ணும் இல்ல, தட்டு ஓரத்துல ஒதுக்கி வைக்காம பொடியாவோ துவையலாவோ உள்ள போனா போதும்.

ஐப்பசி வந்தா தீபாவளி லேகியம் செய்முறை கண்டிப்பா போடுவீங்க. போடும்போது சுக்கு எவ்ளோ, திப்பிலி எவ்ளோ, வெல்லம் எவ்ளோன்னு கிராம்ல போடுங்க, கைப்பிடி, கொஞ்சம்னு போடாதீங்க. பெரியவங்களுக்கு எவ்ளோ, பிள்ளைங்களுக்கு எவ்ளோன்னு பிரிச்சுப் போடுங்க, சுகர் இருக்கவங்க வெல்லத்த கணக்குல வச்சுக்கணும், மாசமா இருக்கவங்களும் வேற மாத்திரை சாப்பிடுறவங்களும் டாக்டர்ட்ட கேட்டுட்டுதான் தொடணும்னு செய்முறைக்குக் கீழயே அதே எழுத்து அளவுல போடுங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பட்டம் வாங்கின சித்த மருத்துவர்ட்ட ஒருக்கா காட்டிருங்க, பாளையங்கோட்டைலயும் தாம்பரத்துலயும் படிச்சுட்டு வந்தவங்க ஊரு ஊருக்கு இருக்காங்க.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக்கடை வச்சிருக்கும் ஒரு வாசகர்,
விருதுநகர்.