நெரிபட்ட கழுத்தும் கடிபட்ட கையும்

தமிழ்நாட்டின் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களுக்கு,

வணக்கம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தினமும் நிற்கிற வக்கீல் நான். கணவரிடம் அடிவாங்கிய பெண்கள் என்னிடம் வரும்போது, சமீப காலமாகக் கையில் இரண்டு காகிதங்களோடு வருகிறார்கள். ஒன்று அவர்கள் கொடுத்த மனுவுக்கான சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது வழக்குப் பதியாமல் மனுவை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு. இன்னொன்று அவர்கள்மேலேயே போட்ட எஃப்.ஐ.ஆர்.

அப்படி வந்த ஒரு பெண்ணின் கதையை மட்டும் சொல்கிறேன். கணவர் பின்னாலிருந்து கழுத்தில் கையைப் போட்டு இறுக்கியிருக்கிறார். மூச்சு முட்டியதும் இவர் அந்தக் கையைக் கடித்துத் தப்பித்திருக்கிறார். அன்றிரவே மகளிர் காவல் நிலையம் போனார். மனுவை வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை இரண்டு பேரும் கவுன்சலிங்குக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கணவர் நேரே அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேடு) போட்டுவிட்டு, சட்டம் ஒழுங்கு நிலையத்தில் புகார் கொடுத்தார். மறுநாளே மனைவிமேல் எஃப்.ஐ.ஆர்.: 296(பி) ஆபாசமாகத் திட்டியது, 115(2) காயப்படுத்தியது, 118(1) ஆயுதத்தால் காயம், 351(3) கொலை மிரட்டல். நம் ஊரில் இந்த நான்கும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். 2024 ஜூலை 1-க்கு முன்பு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 324, 506(2) என்று இருந்தன, இப்போது நம்பர்தான் மாறியிருக்கிறது. மனிதப் பல் ஆயுதமாகாது என்று ஷகீல் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ஆயுதத்தால் காயம் என்ற பிரிவு வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் புகார் கொடுத்த மனைவி முன்ஜாமீனுக்கு அலைந்தார்.

கடித்த தடம் எங்கே இருந்தது தெரியுமா? முன்கையில், கட்டைவிரல் பக்கமாக. கழுத்தைச் சுற்றிய கையில் வாய்க்கு எட்டுகிற இடம் அதுதான். கணவரின் காயச் சான்றிதழே மனைவிக்குச் சாட்சி சொல்கிறது. படிக்கத்தான் ஆளில்லை. அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்த நகக்கீறலுக்கு நிலையத்தில் யாரும் மெமோ (மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்பும் காவல் நிலையக் கடிதம்) கொடுத்து அனுப்பாததால், மூன்றாம் நாள் நான் சொல்லித்தான் ஏ.ஆர். போட்டார். அதற்குள் பாதி ஆறிவிட்டது.

தற்காப்புக்காகச் செய்தது குற்றமே அல்ல என்கிறது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 34-வது பிரிவு. நிலையத்தில் கேட்டால், "அதையெல்லாம் கோர்ட்ல போய்ச் சொல்லிக்கங்கம்மா" என்கிறார்கள். கோர்ட்டிலோ தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். அதுவரை வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டும். இதற்கிடையில் "நீ வாபஸ் வாங்கு, அவரும் வாங்கிடுவார்" என்ற பேரம் தொடங்கிவிடும். எதிர்வழக்கு போடுவதே பெரும்பாலும் இதற்குத்தான் என்பது என் அனுபவம். மனைவியிடம் அடிவாங்குகிற ஆண்களும் இருக்கிறார்கள், அவர்கள் புகாரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. யார் முதலில் கை ஓங்கியது என்று பார்க்கச் சொல்கிறேன்.

அதற்கு உங்களிடமே விதி இருக்கிறது. 588-ஏ என்று நாம் சொல்லிப் பழகிய காவல்துறை நிலையாணைப்படி, புகாரையும் எதிர்ப்புகாரையும் சேர்த்து விசாரித்து, தாக்கியவர் யார் என்று முடிவெடுக்க வேண்டியது விசாரணை அதிகாரி. ஆனால் மனைவியின் மனு மகளிர் நிலையத்தில், கணவரின் வழக்கு சட்டம் ஒழுங்கில். ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்ப்பதே இல்லை. அப்புறம் எங்கே முடிவெடுப்பது?

2012-ல் மதுரை மாவட்டத்தில், மகளிடம் அத்துமீற முயன்ற கணவரை ஒரு பெண் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவர் இறந்தே போனார். அப்போதைய எஸ்.பி. அஸ்ரா கார்க், தற்காப்பில் உயிர் போனாலும் குற்றமாகாத சூழல்களைச் சொல்லும், அன்றைய தண்டனைச் சட்டம் 100-வது பிரிவைக் காட்டி அந்தப் பெண்ணை விடுவித்தார். உயிர் போன வழக்கிலேயே காவல்துறையால் அந்த முடிவை எடுக்க முடிந்தது. ஒரு கடிக்கு முடியாதா?

ஒரே சம்பவத்தில் வரும் இரண்டு புகார்களையும் ஒரே அதிகாரியிடம் ஒப்படையுங்கள். மனு கொடுக்க வரும் பெண்ணை, கவுன்சலிங் தேதி சொல்வதற்கு முன்னால், அன்றைக்கே மெமோ கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இரண்டுக்கும் உங்கள் ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்