தாஜ்மகால் வாயடைத்து நிற்குமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் ஆங்கிலச் சொல் பகுதியில் 'ஃப்ளாபர்காஸ்டட்' என்பதற்கு 'ஆச்சரியமான' என்று ஒற்றைச் சொல்லில் பொருள் போட்டிருந்தீர்கள். அதன் பலனை மறுநாளே பார்த்தேன். என்னிடம் டியூஷன் படிக்கும் பத்தாம் வகுப்புப் பெண் நோட்டை நீட்டினாள். 'தி தாஜ்மகால் இஸ் ஃப்ளாபர்காஸ்டட்' என்று குண்டு குண்டாக எழுதி, அடிக்கோடு வேறு. யாரைப் பார்த்து தாஜ்மகால் இப்படி வாயடைத்து நிற்கிறது என்று கேட்டேன். "நீங்க வாங்குற புஸ்தகத்துலதான் மிஸ் போட்டிருக்கு" என்றாள். அவள் மேல் தப்பில்லை.

திகைத்துப்போன ஆள்தான் ஃப்ளாபர்காஸ்டட். திகைக்க வைத்த கட்டடத்தையோ செய்தியையோ சொல்ல வேண்டுமானால் 'ஃப்ளாபர்காஸ்டிங்'. 'போர்டு' (சலித்துப்போன), 'போரிங்' (சலிப்பூட்டும்) கதையும் இதேதான். பாடம் பிடிக்கவில்லை என்று சொல்ல வந்து, 'ஐ ஆம் போரிங்' என்று தன்னையே வைதுகொண்ட பிள்ளைகளை முப்பது வருடமாகப் பார்த்துவிட்டேன்.

'சர்ப்ரைஸ்டு' என்றால் புருவம் கொஞ்சம் உயரும். 'ஃப்ளாபர்காஸ்டட்' என்றால் பேச்சே எழாது. 'மிகவும் வாயடைத்துப் போனேன்' என்று நாம் சொல்வதுண்டா? அதனால்தான் இதற்கு முன்னால் 'வெரி' ஒட்டுவதில்லை, 'அப்ஸல்யூட்லி' பொருந்தும். பின்னால் 'அட்' அல்லது 'பை'.

1772-லேயே லண்டன் 'ஆனுவல் ரெஜிஸ்டர்' என்ற ஆண்டுத் தொகுப்பு இதைப் புது நாகரிகச் சொல்லாகக் குறிப்பிட்டிருக்கிறது. பிறப்பு மட்டும் உறுதியாகத் தெரியவில்லை. 'ஃப்ளாபி'யும் 'அகாஸ்ட்'டும் கூடிப் பிறந்தது என்று ஓர் ஊகம் உண்டு: தொளதொளத்த சதையும் பீதியும்! வியந்துபோனதைச் சொல்லும் 'அஸ்டானிஷ்டு'க்கு அந்தக் குழப்பமில்லை. அதன் வேர் லத்தீனில் இடி. நாமும் இடி விழுந்தாற்போல் நின்றேன் என்கிறோமே.

இன்றும் இது பேச்சில் கொஞ்சம் விளையாட்டாகப் புழங்கும் சொல்தான். தெரியாமல் நானே ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கு எழுதிய புகாரில் இதைப் போட்டுவிட்டேன். படித்த அதிகாரி சிரித்துவிட்டார். என் கோபம் அங்கேயே நமத்துப் போனது.

இனி பொருளோடு ஒரு வாக்கியமும் சேர்த்துப் போடுங்கள். தாஜ்மகாலை அடித்துவிட்டு அந்தப் பெண் எழுதியதையே எடுத்துக்கொள்ளலாம்: 'மை மதர் வாஸ் அப்ஸல்யூட்லி ஃப்ளாபர்காஸ்டட் அட் மை மேத்ஸ் மார்க்.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கும்பகோணம்.