வெயில் ஊர் என்று கழற்றிய வால்வு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2004-இல் வாங்கிய மாருதி 800 ஒன்று என்னிடம் இன்னும் ஓடுகிறது. ஆர்.சி. 2 முறை புதுப்பித்தாகிவிட்டது. வாரம் ஒரு தடவை பசுமலையிலிருந்து செக்கானூரணி வழியாக உசிலம்பட்டி மாமியார் வீட்டுக்குப் போய் வருவதுதான் அதற்கு உள்ள பெரிய வேலை. நல்ல நாளில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடிய வண்டி, போன தீபாவளி சமயத்தில் 11-க்கு வந்து நின்றது.

இந்தக் கணக்கு உத்தேசம் இல்லை. பதிவறையில் 31 வருடம் குப்பை கொட்டியவன் நான். எதையும் எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது. ஒரே பங்க்கில், நாசில் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்வேன். அடுத்த முறை அதேபோல நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்து வகுப்பேன்.

யாரிடம் சொன்னாலும், "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் சார், விற்றுவிடுங்கள்" என்றார்கள். எத்தனாலுக்கும் பங்கு உண்டுதான். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் அதில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையும் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே சொல்லியிருக்கிறது. சரி, 16-இல் 7 சதவீதம் என்றால் ஒரு கிலோமீட்டர் போகட்டும். மிச்சம் 4 எங்கே போயிற்று?

விடை பழங்காநத்தம் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கிடைத்தது. அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். திருமங்கலம் ரோட்டில் 10 கிலோமீட்டர் போனதும், "ஐயா, டெம்பரேச்சர் முள்ளு ஏறவே இல்லையே, வால்வைக் கழட்டிட்டாங்களா?" என்றார்.

கழற்றியதுதான். 2019 சித்திரைத் திருவிழா வாரம், கோரிப்பாளையம் நெரிசலில் வண்டி கொதித்துவிட்டது. அன்று பார்த்த மெக்கானிக் ஃபேன் வயரைச் சரிசெய்துவிட்டு, கையோடு தெர்மோஸ்டாட் வால்வையும் பிடுங்கிப் போட்டார். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்? காஷ்மீர்ல ஓட்டுறவனுக்குத்தான் வேணும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஃபேன் ஓடியதால் நின்ற கொதிப்பை, வால்வைக் கழற்றியதால் நின்றது என்று நானும் நம்பினேன்.

உள்ளங்கையில் அடங்கும் சாமான் அது. எஞ்சின் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும் வரை அதை ஆறவைக்கும் ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைத்து வைக்கும். மதுரை வெயில் 40 டிகிரி என்றாலும் எஞ்சினுக்கு அது பாதிச் சூடுதான். வால்வு இல்லாவிட்டால் ரோட்டுக் காற்றில் தண்ணீர் ஆறிக்கொண்டே இருக்கும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்து, விடியற்காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு ஊற்றுவதுபோல உசிலம்பட்டி வரைக்கும் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். வீட்டுக்கு வந்து பழைய நோட்டைப் புரட்டினேன். 2019 வைகாசியிலேயே 16 என்பது 13 ஆகியிருக்கிறது. எழுதி வைத்தேனே தவிர, என்றைக்காவது திருப்பிப் பார்த்தேனா!

புது வால்வுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆயிற்று. அப்புறம், முன்பக்கம் இடது சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததையும் அவரே கண்டுபிடித்தார். ஓட்டி வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் பக்கமும் கையைக் கொண்டுபோனால் போதும், ஒன்று மட்டும் அனலாக அடித்தது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததோடு சரி. இப்போது, இதே எத்தனால் பெட்ரோலில், 15 ஓடுகிறது.

உங்கள் நாளிதழ் மூலம் மெக்கானிக்குகளுக்கு ஒரு விண்ணப்பம். வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் பில்லில் ஒரு வரி எழுதுங்கள். கழற்றிய சாமானை ஒரு கவரில் போட்டு ஓனர் கையில் கொடுங்கள். வால்வு என் கையில் இருந்திருந்தால் அடுத்த மெக்கானிக்கிடமாவது காட்டியிருப்பேன். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும்போது 6 வருடமாக எவ்வளவு புகையாய்ப் போயிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். வீட்டில் நோட்டைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள்.

பங்க்காரர்களுக்கும் ஒன்று. இலவசக் காற்று நீங்கள் தரவேண்டிய சேவை. "மெஷின் ரிப்பேர்" அட்டையை மாதக்கணக்கில் தொங்கவிடாதீர்கள். காற்றுக் குறைந்த டயரும் பெட்ரோலைத்தான் தின்கிறது.

எங்கள் தெருவில் இதே வயதுக் கார்கள் இன்னும் 2 இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் திறந்து பார்த்தோம். ஒன்றில் வால்வு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தர்,
பசுமலை, மதுரை.