காவலாளி அறையில் ஒரு தாள்: சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்குத் திறந்த மடல்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நலச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் என் தந்தையார் தனியார் மருத்துவமனை ஒன்றில் காலமானார். கணக்கை முடித்து உடலைப் பெறுவதற்குள்ளாகவே இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர் ஒருவர் எங்கள் அருகில் வந்து நின்று, வண்டி, ஃப்ரீசர் பாக்ஸ், மாலை, பாடை, மயானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை என்றார். யோசிக்கும் நிலையில் இல்லாத நாங்கள் தலையாட்டினோம். பிற்பகலில் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் கேட்கப்பட்டது. பெருநகர சென்னை மாநகராட்சியின் மயானங்களில் எரியூட்டவோ அடக்கம் செய்யவோ கட்டணம் இல்லை என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசர் பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. லிஃப்டில் அது நுழையவில்லை. கார் நிறுத்துமிடத்தில் வைத்து, காவலாளி அறையின் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்தோம். பெட்டியின் ஒரு மூலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா அப்பாவின் துண்டாலேயே அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவில் மின்சாரம் நின்றபோதுதான் அந்தப் பிளக்குக்கு ஜெனரேட்டர் இணைப்பு இல்லை என்பது தெரியவந்தது.

ஆகவே உங்களை வேண்டிக் கேட்பது இதுதான்: துக்கம் நேர்ந்த வீட்டாருக்கு உதவும் விவரங்களை ஒரே தாளில் எழுதி, முன்கூட்டியே காவலாளி அறையில் வைத்திருங்கள், ஜெனரேட்டர் இணைப்புள்ள ஒரு பிளக்கையும் பெட்டி வைக்க ஓர் இடத்தையும் பொதுக்குழுவில் முடிவு செய்யுங்கள்.

தாளின் முதல் வரி, யார் எப்போது வந்து சேர்வார்கள் என்று கேட்பதாக இருக்கட்டும். மற்ற முடிவுகள் பெரும்பாலும் அதைப் பொறுத்தவை. அன்றே எடுப்பதென்றால் பெட்டி சில மணி நேரத்துக்குப் போதும். வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ வர வேண்டுமென்றால், மருத்துவமனைப் பிணவறையிலேயே உடலை வைத்திருந்து கடைசி நாளில் வீட்டுக்குக் கொண்டுவருவது மேல். எம்பாமிங், அதாவது உடல் கெடாமலிருக்க மருந்து செலுத்துவது, விமானத்தில் உடலை அனுப்புவோருக்கு அவசியம். உள்ளூரில் தகனம் செய்வோரிடம் அதை வற்புறுத்தினால் மறுத்துவிடலாம். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை வீடு சேர்க்க இலவச அமரர் ஊர்தி உண்டு. அதற்கான எண் 155377.

அடுத்து, தகன முறை. விறகும் வறட்டியும் அடுக்கி எரித்தால் மறுநாள் பால் தெளித்துத்தான் அஸ்தி எடுக்க முடியும். எரிவாயு மேடையிலோ மின் தகனத்திலோ சில மணி நேரத்தில் அஸ்தி கைக்கு வந்துவிடும். அதைப் பத்திரமாக வைத்திருந்து மறுநாள் சடங்கைச் செய்யும் குடும்பங்கள் பல. புகையும் செலவும் குறைவு என்பதால் எரிவாயு மேடையையே நான் பரிந்துரைப்பேன், ஆனால் இறந்தவர் உயிரோடிருந்தபோது எதை விரும்பினாரோ அதற்கே முதலிடம் தர வேண்டும். எந்த முறையானாலும், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியிருந்தால் மருத்துவமனையிலேயே அதை அகற்றச் சொல்ல வேண்டும். தீயில் அது வெடிக்கும். என் தந்தையாருக்கும் பேஸ்மேக்கர் இருந்தது. ஏற்பாட்டாளர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வார்டில் இருந்த செவிலியர்தான் நினைவூட்டினார்.

அடக்கம் செய்வோர் தங்கள் திருச்சபையையோ ஜமாஅத்தையோ உடனே அழைப்பது வழக்கம். அந்த எண்களும் தாளில் இருக்கட்டும். கீழ்ப்பாக்கம் போன்ற பழைய கல்லறைத் தோட்டங்களில் இட நெருக்கடி இருப்பதால், குடும்பக் கல்லறை உண்டா என்பதை முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

கண் தானத்துக்கு 6 மணி நேரமே அவகாசம் உண்டு. மின்விசிறியை நிறுத்தி, மூடிய இமைகளின் மேல் ஈரப் பஞ்சை வைத்துவிட்டுக் கண் வங்கியை அழைக்க வேண்டும். உடல் தானத்தை அரசு மருத்துவக் கல்லூரிகள் ஏற்கின்றன, ஆனால் பிரேதப் பரிசோதனை நடந்த உடலைப் பொதுவாக ஏற்பதில்லை.

மருத்துவரின் இறப்புச் சான்றும் ஆதார் நகலும் இல்லாமல் மயானத்துக்குக் கிளம்ப வேண்டாம். வீட்டில் இறந்தவருக்குச் சான்று தரக்கூடிய, அருகில் வசிக்கும் மருத்துவரின் எண்ணையும் எழுதி வையுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. தனியார் ஏற்பாட்டாளரை அமர்த்துவதானால், எது எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் இந்தத் தாள் தயாராகிவிட்டது. ஜெனரேட்டர் இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. உங்கள் அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுபொருளாகச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைக் குடியிருப்பு ஒன்றின் உறுப்பினர்