அது வலக்கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளாக் சப்பாத் ராக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் மறைவையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அன்போடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் அதே குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்கு அதில் ஒரே ஒரு வரி. அந்த வரியிலும் ஒரு பிழை. இளமையில் இடக்கை விரல்களை இழந்தவர் என்று அச்சாகியிருக்கிறது. அது வலக்கை. சின்ன விஷயம்போலத் தோன்றலாம். ஹெவி மெட்டல் என்னும் அதிரடி ராக் இசையின் அந்தக் கனமான ஒலி பிறந்ததே அந்த வலக்கையில்தான் என்பதால் எழுதுகிறேன்.

அயோமி 1948இல் பர்மிங்காமில் பிறந்தவர். இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் ஒரே பிள்ளை. வளர்ந்தது ஆஸ்டன் பகுதியில். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கிட்டாரையும் திருப்பித்தான் பிடிப்பார். இடக்கை மீட்டும், வலக்கை விரல்கள் தந்தியை அழுத்தும். 17 வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் வேலை பார்த்தார். வெளிநாடு போய் வாசிக்க ஒரு குழுவோடு வாய்ப்பு வந்ததும் வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. மிச்ச வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பிவைத்தார். அன்று பிரஸ் எந்திரத்தில் வேலை செய்பவர் வரவில்லை. பழக்கமே இல்லாத இவரை அதில் நிறுத்தினார்கள். எந்திரம் கையின்மேல் இறங்கியது. சட்டென்று கையை இழுத்ததில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன.

இனி வாசிப்பது நடக்காது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்தவரைப் பார்க்கத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டோடு வந்தார். கேட்கப் பிடிக்கவில்லை என்று அயோமி சொல்லியும் அவர் விடவில்லை. இசைத்தட்டு ஓடி முடிந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்: வாசித்தவர் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெயின்ஹார்ட், தீ விபத்தில் கை கருகியபின் இரண்டே விரல்களை வைத்துக்கொண்டு தந்திகளில் ஓடியவர். அந்த மேற்பார்வையாளரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அதற்குப் பிறகு அயோமி செய்ததை ஒரு தொழிலாளியால்தான் செய்திருக்க முடியும். பாத்திரம் துலக்கும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். பற்றவைக்கும் சூட்டுக்கோலால் அதில் விரல் நுழையத் துளை போட்டார். தையற்காரரின் அங்குஸ்தான் போல விரலில் பொருந்தும்வரை உப்புத்தாளால் மணிக்கணக்கில் தேய்த்தார். வழுக்காமல் இருக்கப் பழைய மேல்சட்டையின் தோலை வெட்டி ஒட்டினார். உறையோடு அழுத்தும்போது தந்தி விரலுக்குத் தெரியாது. காதை நம்பித்தான் வாசிக்க வேண்டும். தடித்த தந்திகள் வலித்தன. மெல்லிய கிட்டார் தந்திகள் அன்று கடையில் கிடைக்காததால் பாஞ்சோ தந்திகளைக் கட்டிப் பார்த்தார். 1971இல் வந்த குழுவின் மூன்றாவது இசைத்தட்டில் சில பாடல்களுக்குக் கிட்டாரின் சுருதியை முழுதாக ஒன்றரைச் சுரம் கீழே இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்குச் சுகமானது, கூடவே ஒலி கனத்தது. இன்று உலகத்தில் எத்தனையோ மெட்டல் குழுக்கள் இறக்கிய சுருதியில்தான் வாசிக்கின்றன.

சாத்தானின் இசை என்ற பழைய குற்றச்சாட்டையும் உங்கள் கட்டுரை தொட்டிருந்தது. குழுவின் பெயரையே தாங்கிய முதல் பாட்டின் மெட்டைக் கேட்டுப் பாருங்கள். ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அப்புறம் பிரதி மத்யமம். அவ்வளவுதான். ஐரோப்பாவில் அந்த இடைவெளிக்குப் பிசாசின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். கல்யாணி கேட்டு வளர்ந்த நம் காதுக்குப் பிரதி மத்யமம் பயமுறுத்தும் சுரமே இல்லை. அயோமி அதை நிறுத்தி, இழுத்து, இருட்டாக்கினார். அது கற்பனை, கலை. அந்த முதல் இசைத்தட்டை 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவுசெய்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை அன்று வெளியானது.

ஆஸ்போர்ன் 1979இல் விலக்கப்பட்டார். அவருக்குப் பதில் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோ வந்தார், போனார், இன்னும் பலர் வந்து போனார்கள். குழுவின் எல்லா இசைத்தட்டிலும் இருந்தவர் அயோமி ஒருவர்தான். 2012இல் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோதும் சிகிச்சைக்கு நடுவே பாடல்களைப் பதிவுசெய்தார். 2013இல் வெளியான அந்த இசைத்தட்டு, ஏறத்தாழ 43 ஆண்டுகளுக்குப் பிறகு குழுவைப் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் மறுபடி முதலிடத்துக்குக் கொண்டுபோனது.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் ஓஸி, பேஸ் கிட்டார் வாசிக்கும் கீசர் பட்லர், டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்டு, அயோமி என்று குழுவைத் தொடங்கிய நால்வரும் சேர்ந்து கடைசியாக வாசித்தார்கள். எழுந்து நிற்க முடியாத ஓஸி நாற்காலியில் அமர்ந்து பாடினார். 77 வயது அயோமி, தான் வளர்ந்த அதே பேட்டையில், விரலுறைகளோடு வாசித்தார். 17 நாள் கழித்து ஓஸி போய்ச் சேர்ந்தார்.

அயோமியைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட்டால் மிகவும் மகிழ்வேன். அதற்கு முன், அடுத்த இதழில் வலக்கை என்று ஒரு திருத்தமாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்